நார்மல் என்று நான் எழுதிய உன் பெயர்

என் செல்லக் கிரேஸ்,

கால் வலிக்கிறது. இதைச் சொல்லக்கூட ஆள் இல்லை. வீட்டில் சொன்னால் தைலத்தை எடுத்துக் கையில் தருகிறார்கள். உன்னிடம் சொன்னால், "எனக்க காலு மட்டும் என்ன இரும்பாட்டி?" என்று ஏசுவாய். அந்த ஏச்சிலேயே பாதி வலி போய்விடும்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. கிராம நர்ஸ் வேலையில் உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. முட்டத்தில் என் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்துக் கடியப்பட்டணம் போய் உன் கர்ப்பிணிகளையும் பார்க்கிறேன். பெரிய நோட்டெல்லாம் போய் எல்லாம் டேப்லெட்டில் வந்துவிட்டது. கடற்கரையில் சிக்னல் கிடைக்காமல் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ரத்தச்சோகை மாத்திரையை வாங்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறவர்கள் இன்னமும் அங்கேயேதான் வைக்கிறார்கள். அந்த எளவெல்லாம் மாறவில்லை.

ஒரு நல்ல சேதி உண்டு. உன் மகள் ஷீபாவுக்கு இரண்டாவதும் பெண். பெரிய ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். மூன்று நாளும் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து நான்தான் கிடந்தேன். பிள்ளையை முதலில் என் கையில்தான் தந்தார்கள். மூக்கு அப்படியே உன் மூக்கு. அந்த இடத்தில் நீ நின்றிருக்க வேண்டும் என்று நினைத்து அழுதேன். ஷீபா அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன்.

நடந்ததையெல்லாம் ஒரு தடவையாவது முழுசாக எழுதிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும். முப்பது வயது தாண்டிய பெண்களையெல்லாம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சோதனைக்கு அழைத்து வருவது நம் வேலைகளில் ஒன்று. செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்தில் வந்து படுத்தால் ஐந்து நிமிடம். மருந்து தடவிப் பார்ப்பார்கள், வெள்ளைத் திட்டு தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஆனால் யார் வந்தார்கள்? வள்ளம் கரைக்கு வருகிற நேரம் என்பார்கள், மாமியார் விடவில்லை என்பார்கள், எனக்கு ஒரு கேடும் இல்லை என்பார்கள். மாதக் கடைசிக் கூட்டத்தில் எண்ணிக்கை குறைந்தவர்களை எழுப்பி நிற்க வைப்பார்கள். இருபது வருஷம் வேலை பார்த்தவர்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

அப்படி ஒரு மாதக் கடைசியில் நமக்கு இரண்டு பேர் குறைந்தது. "எனக்க பேர நீ எழுது, உனக்க பேர நான் எழுதிடலாம். நாமளும் பொம்பளையதானே?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் "கிரேஸ், நார்மல்" என்று எழுதினேன். நீ "சுயம்புகனி, நார்மல்" என்று எழுதினாய். பதிவேடும் அட்டையும் ஒத்துப்போக வேண்டுமே என்று ஆளுக்கொரு அட்டையும் எழுதிக்கொண்டோம். அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும். ஒருநாள் உண்மையிலேயே படுத்துப் பார்த்துவிடலாம் என்று பேசிக்கொள்வோம். ஊர்ப் பெண்களைத் துணி விலக்கிப் படுக்கச் சொல்கிற நமக்கு, நம்மோடு டீ குடிக்கிற நர்ஸ் முன்னால் படுக்க வெட்கம். அதுதான் காரணம், வேறு ஒரு மண்ணும் இல்லை.

தீட்டு நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் ஓடி வா என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய் நீ? உனக்குப் பட்டபோது பஸ்ஸில் குலுங்கியதால் என்று மூன்று மாதம் என்னிடம்கூட மறைத்தாய். ஏன் கிரேஸ்? அட்டையில் நார்மல் என்று இருந்ததை நீயே நம்பிவிட்டாயா?

வார்டில் கடைசியாக நீ தெளிவாகப் பேசிய நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஷீபாட்ட இத சொல்லாத கனி. பிள்ள உன்ன வெறுத்துரும். நான் போன பொறவு அவளுக்குன்னு வந்து நிக்க நீ ஒருத்தி வேணும்லா," என்றாய். சரி என்று தலையாட்டினேன். அந்தச் சமயத்தில் நீ என்ன கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

போன மாதம் ஷீபா வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்கு ஊசி போட வேண்டிய நாளைச் சொல்லிவிட்டு, உனக்கும் முப்பத்தொன்று ஆயிற்று, செவ்வாய்க்கிழமை ஒரு நடை வந்து சோதனை பண்ணிக்கொள் என்றேன். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவள் உள்ளே போய் உன் ஹேண்ட்பேக்கிலிருந்து அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்க அம்மை மூணு வருசமும் எடுத்திருக்கா. மூணு தடவையும் நார்மல். பொறவும் செத்துப்போனா. அந்த டெஸ்டு என்னத்துக்கு ஆகும் சித்தி?"

என் கையெழுத்து அது. அவளுக்குத் தெரியாது. நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தத் தெருவிலிருந்து ஒருத்திகூட வரவில்லை. நர்ஸுக்கே காட்டிக்கொடுக்காத டெஸ்ட் நமக்கு எதற்கு என்று மீன் ஏலம் போடுகிற இடம் வரைக்கும் பேச்சு போய்விட்டது. இத்தனை வருஷம் வெயிலில் நடந்து நீயும் நானும் சேர்த்த பெண்கள், கிரேஸ். அத்தனை பேரையும் அந்த ஒரு அட்டை திருப்பி அனுப்புகிறது.

முதலில் நான் போய்ப் படுத்தேன். அதற்கும் எளிதில் விடவில்லை. புதிதாக வந்த நர்ஸ் டேப்லெட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒங்களுக்கு எடுத்தாச்சுன்னு காட்டுது. நார்மல்," என்கிறாள். அது பொய், நாங்களே எழுதிக்கொண்டது என்றேன். அவள் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். டாக்டரிடமும் சொன்னேன். விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள், தந்தேன். இன்னும் என்ன வரும் என்று தெரியவில்லை. வருவது வரட்டும், பயப்படக்கூடத் தெம்பு இல்லை.

ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. நாம் சொல்வது சரிதான், வலிக்கவே இல்லை. திட்டு ஒன்றும் இல்லை, நார்மல் என்றார் டாக்டர். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. நீ என்னைப் பற்றி எழுதியது மெய்யாகிவிட்டது. நான் உன்னைப் பற்றி எழுதியதுதான் பொய்.

அங்கிருந்து நேரே ஷீபா வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்க அம்மை அந்த டெஸ்ட ஒருக்காகூட எடுக்கல்ல மக்கா. நார்மல்னு எழுதினது நான்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, உங்கள் பேரை யார் எழுதினது என்று கேட்டாள். உன் அம்மைதான் என்றேன். இப்போது பார்த்தாயிற்றா என்றாள். பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றேன்.

"அப்பம் நேரத்தே பாத்திருந்தா எனக்க அம்மை இருந்திருப்பா," என்றாள். கேள்வி மாதிரி இல்லை. ஆமாம், பெரும்பாலும் இருந்திருப்பாள் என்று சொன்னேன். அவள் பிள்ளையோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போங்க சித்தி," என்றாள். வந்துவிட்டேன். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை.

நீ சொன்னபடியே ஆகிவிட்டது. உன் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டு சித்தியாகவே காலத்தைத் தள்ளியிருக்கலாம். ஆனால் அந்த அட்டையை நம்பிக்கொண்டு அவளும் ஒரு பத்து வருஷம் உட்கார்ந்திருந்தால்? அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய், சொல்லேன்.

இனி ஒரு பெண் வந்து படுக்காமல் அவள் பேருக்கு நேரே நான் ஒன்றும் எழுத மாட்டேன். கூட்டத்தில் நிற்க வைத்தால் இந்தக் காலோடு நிற்கிறேன். ஷீபா வாசலுக்கு ஒவ்வொரு திங்களும் போவேன், நாளைக்குச் செவ்வாய் என்று சொல்லிவிட்டு வருவேன். கதவைச் சாத்தினால் கதவிடம் சொல்லிவிட்டு வருவேன். என்னை அவள் வெறுக்கட்டும் கிரேஸ், காலம் முழுக்க வெறுக்கட்டும். ஆனால் உயிரோடு இருந்து வெறுக்கட்டும்.

உன் கூடப்பிறக்காத கூடப்பிறப்பு,
கனி