அத்தானுக்கு ஒரு பக்கம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே சிறையில் கணினி வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். இணையம் மட்டும் கிடையாது. நூலகத்தில் இணைய நிரலாக்கத்துக்கு இருப்பது ஒரே புத்தகம். இருபது வருடப் பழசு, பாதி செல்லரித்துப்போயிருக்கிறது. நீ அந்த வேலையிலேயே இருப்பவள். எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று எழுதேன். இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. வெளியே வந்தாலும் இனி வண்டி ஓட்டமாட்டேன்.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

அந்தப் பழைய புத்தகத்தைத் தொடாதே. தப்பாகக் கை பழகிவிட்டால் மாற்றுவது கஷ்டம். முதலில் பக்கத்தைக் கட்டும் எச்டிஎம்எல், பிறகு அதை அழகாக்கும் சிஎஸ்எஸ், அதற்கப்புறம்தான் ஜாவாஸ்கிரிப்ட். முப்பது நாளில் கற்றுத்தருவதாக அட்டையில் போட்டிருப்பதை எல்லாம் நம்பாதே. பயிற்சிகள் நிறைய உள்ள ஒன்றை அனுப்புகிறேன். இணையத்தில் இலவசப் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. காணொளியை உனக்கு எப்படி அனுப்ப? எழுத்தில் இருப்பவற்றை அச்செடுத்துச் சேர்த்திருக்கிறேன், நாற்பது பக்கம். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைக் கேள். உனக்குத்தான் எதிலும் அவசரமாயிற்றே.

அக்கா

ஏப்ரல் 27

அக்கா,

புத்தகத்தை இரண்டு முறை முடித்துவிட்டேன். வகுப்பு நின்றுபோனது. வாத்தியாருக்கு மாற்றல், அறையைப் பூட்டிவிட்டார்கள். காகிதத்தில்தான் எழுதிப் பார்க்கிறேன். இதோடு இருக்கும் நான்கு தாளும் சேர்ந்து ஒரே இணையப் பக்கம், அத்தானைப் பற்றி. அவர் வேலை, அவர் அடித்த இரண்டு ஜோக். படத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். கணினியில் ஏற்றி, ஓடுகிறதா என்று சொல். அன்று நான் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்திருந்தால் அவரே படித்துச் சிரித்திருப்பார். வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி

ஜூன் 2

தம்பிக்கு,

ஓர் இடத்தில் எச்டிஎம்எல் குறி ஒன்றை மூடாமல் விட்டிருந்தாய். சரிசெய்ததும் ஓடியது. நன்றாகவே எழுதியிருக்கிறாய்.

மொட்டைமாடியில் ஈரத் தலையோடு நிற்பாரே, அந்தப் படத்தைப் போட்டேன். பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து பின்னால் நின்றாள்.

"யாரும்மா எழுதினது?"

சொன்னேன்.

"அழிச்சிடும்மா. அப்பாவைப் பத்தி மாமா எழுத வேணாம்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் உனக்காக ஏதாவது பேசியிருப்பேன்.

அழித்துவிட்டேன். அவளுக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். புத்தகம், பாடம் என்று எழுதிக்கொண்டிருந்தவரை நீ என் தம்பியாக மட்டும் இருந்தாய். அந்தத் தாள்களைப் படித்தபின் அப்படி நினைக்க முடியவில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் புத்தகத்தைக் கடையிலிருந்தே உனக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். ஐந்தாம் பாடம் கொஞ்சம் கடினம்; அங்கே நிறுத்திவிடாதே. சந்தேகம் வந்தால் திரும்பத் திரும்பப் படி. என்னைக் கேட்காதே. இனி நான் எழுதமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா