கேன்வாஸ் மேல் விழுந்த வெயில்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன். வழக்கமாக இது ஒரு வரிச் சமாசாரம். இந்தத் தடவை அதை நிரூபிக்க வேண்டியிருப்பதால் ஒரு கட்டுத் தாளோடு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லிப் பார்த்தேன். நான் வாயைத் திறந்ததுமே நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்திடம் உன் சரிம்மா செல்லாது. முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

மருமகளுக்கு இருமல் நின்றதா? வெந்நீரையே குடிக்கச் சொல். சின்னவளுக்கு முன்பல் விழுந்த போட்டோ பார்த்தேன். அசப்பில் உன் அப்பா சிரிக்கிற மாதிரியே இருக்கிறது. இங்கே குளியலறைக் குழாய் ஒழுகியது, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான், இப்போது முன்பைவிட நன்றாக ஒழுகுகிறது. மற்றபடி வீடு வீடாக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தை போன மாதம் இங்கே வந்து தங்கினாள் அல்லவா? ஹாலில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த என் படங்களை எல்லாம் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிட்டாள். "அண்ணன் போனதிலேர்ந்து அண்ணிக்கு மனசு சரியில்ல, எல்லாத்தையும் இருட்டா வரையறாங்க" என்று கூடவே எழுதினாளாம். அவளுக்கு டர்பன்டைன் வாடையில் தலைவலி. "வீடா அண்ணி இது, பெயிண்ட் கடையா?" என்று வந்த அன்றே கேட்டுவிட்டாள். ஆனால் படங்களைப் பற்றி அவள் சொன்னதில் பொய் இல்லை. இருட்டாகத்தான் இருந்தன. ஏரிக்கரையைக் காலை வெயிலில் வரைந்திருந்தேன், பார்ப்பவர்கள் பொழுது சாய்கிற நேரமா என்று கேட்டார்கள். தண்ணீர் தார் போலக் கிடந்தது. பம்ப் ஹவுஸின் மஞ்சள் சுவர் சாணி நிறத்தில் இருந்தது.

அதைப் பார்த்துத்தான் நீ பயந்தாய். டாக்டரைப் பார்க்கச் சொன்னாய், போனேன். மனசுக்கான டாக்டர். சின்ன வயசு, பொறுமையான பெண். தூக்கம் வருகிறதா என்று கேட்டாள், வருகிறது என்றேன். பசிக்கிறதா என்றாள், கேட்காதே தாயே என்றேன். நீ அனுப்பியிருந்த போட்டோக்களை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்து நானே நம்பத் தொடங்கிவிட்டேன், தம்பி. நான் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், கை மட்டும் இருட்டைத் தொட்டுத் தொட்டு வைக்கிறதே, அப்படியென்றால் உள்ளே அதுதான் இருக்கிறதோ என்று. அந்த வாரம்தான் நீ போன் செய்தாய். வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம், அடுத்த மாதம் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாய். சரி என்று சொல்லிவிட்டேன். நீ எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டாய்.

அந்தச் சரியைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். அவசரப்படாதே, ஏன் என்று கேள்.

போன வியாழக்கிழமை காலை, வரைந்து முடித்திருந்த ஒரு படத்தைக் கையோடு ஏரிக்கரைக்கு எடுத்துப் போனேன். எங்கே தப்பு என்று இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். வழக்கமான இடத்திலேயே ஸ்டாண்டை நிறுத்தி அதில் படத்தை மாட்டினேன். மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படம் சரியாக இருந்தது! தண்ணீர் தண்ணீராக இருந்தது. மஞ்சள் சுவர் மஞ்சளாக இருந்தது. எதிரே இருந்த ஏரியும் கேன்வாஸில் இருந்த ஏரியும் அக்கா தங்கை போல நின்றன. வீட்டில் இருட்டாக இருந்த படம் வழியில் எப்படிக் குளித்துவிட்டு வந்தது?

படத்தைக் கழற்றிக்கொண்டு பம்ப் ஹவுஸ் நிழலுக்குள் போனேன். கறுத்துவிட்டது. வெயிலுக்கு வந்தேன். வெளுத்தது. மறுபடி நிழல். மறுபடி வெயில். நான் இப்படி உள்ளேயும் வெளியேயும் ஓடுவதைப் பார்த்து பம்ப் ஆபரேட்டர் வெளியே வந்து, "என்னம்மா, ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார். "தொலைஞ்சது கிடைச்சிருச்சு" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புரிகிறதா உனக்கு? காலையில் நான் ஏரியைப் பார்த்து நிற்கும்போது சூரியன் என் முதுகுப் பக்கம். வெயில் முழுக்கக் கேன்வாஸ் மேலேயே விழுகிறது. நிறம் கலக்கும் பலகை மேலேயும் அதே வெயில். அந்தப் பளபளப்பில் நான் வைக்கிற நிறம் எல்லாம் கண்ணுக்கு வெளிறித் தெரிகிறது. போதவில்லை, போதவில்லை என்று கை தானாக அடர்த்தியாகக் கலக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் வெயில் கூடவே வருவதில்லை, அடர்த்தி மட்டும் வருகிறது. அவ்வளவுதான்! மனசாவது மண்ணாவது!

எனக்கு வந்த சிரிப்பில் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவள் நான். ஃபிலிமை ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற ஒவ்வொருவரையும், "லைட் பெட்டியில மாட்டிப் பாருங்க, இல்லேன்னா இல்லாத வியாதியெல்லாம் தெரியும்" என்று விரட்டியவள். இல்லாத வியாதிக்கு நானே டாக்டரிடம் போய் வந்திருக்கிறேன்.

அதற்கு அடுத்த கூத்தையும் கேள். கேன்வாஸுக்கு நிழல் வேண்டும், என்ன செய்யலாம் என்று எதிர்வீட்டு டைலரம்மாவிடம் கேட்டேன். ஏரியைச் சுற்றி நடக்க வருகிறவள், தினமும் எனக்கு ஒரு கப் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு என் படத்தைத் திட்டிவிட்டுப் போகிறவள். மறுநாளே ஒரு பெரிய சிவப்புக் குடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "கல்யாண வீட்டு ஊர்வலம் மாதிரி இருக்கும், வரைங்கக்கா" என்றாள். இரண்டு பேருமாக அதை ஸ்டாண்டில் கட்டினோம். வெயில் மறைந்தது. நானும் கிடுகிடுவென்று வரைந்தேன். ஏரி, கரை, மரங்கள், பம்ப் ஹவுஸ், வெளியே வந்து நின்ற ஆபரேட்டர் எல்லாம் வந்தாயிற்று. குடையை அவிழ்த்தால் மொத்தப் படமும் பாசி பிடித்துக் கிடக்கிறது! வானம் பச்சை. தண்ணீர் பச்சை. ஆபரேட்டர் முகமும் பச்சை. குடைத் துணி வழியாகச் சிவப்பு வெளிச்சம் வடிந்திருக்கிறது. அதைச் சரிக்கட்ட என் கை பச்சையாக அள்ளி வைத்திருக்கிறது. டைலரம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாவம், அந்த ஆளுக்கு மஞ்சக்காமாலை முத்திருச்சு போலக்கா" என்றாள். இந்தப் படத்தை அத்தைக்கு அனுப்பலாமா என்று ஒரு ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆக, நிறமில்லாத குடை வேண்டும். வெளிச்சத்தை உள்ளே விடாத கறுப்புக் குடை. வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. எது என்று உனக்குத் தெரியும்.

கதவுக்குப் பின்னால் அது மாட்டியபடியே இருந்தது. நான் கூட்டும்போதும் துடைக்கும்போதும் அந்த மூலையை விட்டுவிடுவேன். எனக்கு ஷிப்ட் முடியும்போதெல்லாம் அப்பா இந்தக் குடையோடுதான் ஆஸ்பத்திரி கேட்டில் வந்து நிற்பார். மழை இல்லாத நாளிலும் கொண்டுவருவார். ஏன் என்று கேட்டால், "அடையாளத்துக்கு" என்பார். கூட்டத்தில் நான் தேடக் கூடாதாம். சனிக்கிழமை காலை அதை எடுத்து வாசலில் வைத்து விரித்தேன். ஒரு கம்பி ஒடிந்து, மீன் பிடிக்கிற நரம்பால் கட்டியிருக்கிறது. முடிச்சைப் பார்த்ததுமே அவர் போட்டது என்று தெரிந்தது. அவிழ்க்கவே முடியாத முடிச்சுதானே அவர் போடுவார்.

தம்பி, அந்தக் குடைக்குக் கீழே வரைந்த படத்தைப் பார்க்க வேண்டுமே நீ! ஹாலில் மாட்டியிருக்கிறேன். ஜன்னலைச் சாத்தினாலும் அதில் வெயில் அடிக்கிறது. நிழல் என்றால் கறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் இத்தனை நாள். இல்லை. பம்ப் ஹவுஸ் நிழலுக்குள் ஒரு ஊதா இருக்கிறது. கரையோரத் தண்ணீரில் தகர நிறம், உள்ளே போகப் போக நீலம், நடுவில் ஒரு இடத்தில் நிறமே இல்லை, வெறும் வெளிச்சம். கறுப்பு வெள்ளையையே பார்த்துப் பழகிய கண் எனக்கு. யாரோ கண்ணைக் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. வானத்தில் இரண்டு கொசு ஒட்டிக் காய்ந்துவிட்டன. பறவை என்று சொல்லிவிடலாம் என்று டைலரம்மா சொல்கிறாள். பாலத்திலிருந்து ஒன்று வரைய வேண்டும். ரயில் யார்டு சாயங்காலத்தில் செம்பு மாதிரி இருக்கிறது, அது ஒன்று. மழைக்கு முன்னால் ஏரி ஒரு மாதிரி ஆகுமே, அது ஒன்று. படுத்தால் வரிசையாக வந்து நிற்கின்றன. நான் எப்படிப்பா இப்போது ஊரை விட்டு வருவேன்?

ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் நேர்மையாக இருக்காது. அத்தை அனுப்பிய போட்டோக்களில் ஆஸ்பத்திரி கேட் ஒன்று இருக்கும். அதையும் வெயில் கணக்கில் சேர்த்துவிடாதே. அதை நான் போர்ட்டிகோவுக்குள் உட்கார்ந்து வரைந்தேன். கேன்வாஸ் மேல் வெயிலே விழவில்லை. நிறம் எல்லாம் நான் பார்த்தபடிதான் இருக்கிறது. அந்தப் படத்தை மட்டும் நான் திருத்தப் போவதில்லை. அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். தூக்கிப் போடவும் இல்லை. அப்படி ஒன்று வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும். மற்றவை எல்லாம் வெறும் வெயில்தான், சத்தியமாக.

ஆகவே என் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. வீடு கேட்டவர்களிடம் இல்லை என்று நீயே சொல்லிவிடு. உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. உன் பயம் எனக்குத் தெரியும். எக்ஸ்ரே எடுக்காமலே தெரியும். தினமும் காலையில் ஏரிக்கரையிலிருந்து உனக்கு ஒரு போட்டோ அனுப்புகிறேன். படத்தையும் இடத்தையும் சேர்த்தே எடுக்கிறேன். என்னைக் கவனிக்க உனக்கு அது போதும்.

ஆனால் உன் டிக்கெட் இருக்கட்டும். நீ வா. அந்த ஒடிந்த கம்பியால் குடை ஸ்டாண்டில் நிற்க மாட்டேன் என்கிறது, காற்றடித்தால் சாய்கிறது. டைலரம்மாவைப் பிடிக்கச் சொன்னால் அவள் பேசப் பேசக் குடையும் சேர்ந்து ஆடுகிறது. என் இடது கையால் பிடித்தால் தாழ்வாக இருக்கிறது, தலையில் முட்டுகிறது. உனக்கு உன் அப்பாவின் உயரம். நீ பிடித்தால் சரியாக இருக்கும். என்னைக் கூட்டிக்கொண்டு போக வர வேண்டாம் தம்பி. குடை பிடிக்க வா.

நீயும் மருமகளும் சின்னவளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நீ ஏர்போர்ட்டில் இறங்கி வெளியே வரும்போது கூட்டத்தில் தேடாதே. வெயிலோ மழையோ, நான் அதை விரித்துக்கொண்டு நிற்பேன்.

வெயிலில் கறுத்துப்போன,
உன் அம்மா