கரடி வந்த பிறகு

நெடுந்தீவு
27.01.2025

அன்புள்ள தம்பி றெக்ஷன்,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், உன் சுகம் அறிய ஆவல் என்று தொடங்கத்தான் கடதாசியை எடுத்தேன். இங்கே யாரும் சுகமில்லை, எனக்கு ஆவலும் இல்லை. போனில் உன் நம்பரைத் தடுத்துவிட்டேன். கதைத்தால் இடையில் புகுந்து விளக்கம் சொல்லத் தொடங்குவாய். கடிதமென்றால் முழுக்க வாசித்துத்தான் ஆகவேண்டும்.

அப்பாவின் பிறந்தநாளுக்கு நீ ஒழுங்கு செய்த சர்ப்பிரைஸ் குழு வந்தது. காலைப் படகில் நான்கு பேர், மேளம், கேக், கரடி உடுப்பு. அப்பா முற்றத்தில் கதிரையில் இருந்தார். பாரிசவாதத்தில் பேச்சுப் போய் ஏழு மாதம். தினமும் காலையில் கோப்பையைக் காட்டி, "தேத்தண்ணி, தேத்தண்ணி" என்று சொல்லிச் சொல்லி, "தே" என்ற ஒரு சத்தத்தை அவர் தொண்டையிலிருந்து வரப் பண்ணியிருந்தேன். கரடி பின்னால் வந்து அவர் காதடியில் கடதாசி வெடியை வெடித்தது. அப்பா கதிரையோடு சரிந்தார். அதையும் ஒருவன் வீடியோ எடுத்தான்.

விழுந்து கிடந்தபடி அப்பா ஒரு முழுச் சொல் சொன்னார்: "போ!" கரடிக்குச் சொன்னதை இப்போது எனக்கும் சொல்கிறார். சோறு கொண்டுபோனால் போ. முகம் துடைத்தால் போ. "தே" வருவதே இல்லை.

அப்பாவின் மூளை என்ன, உன் ஆய்வுகூடத்து எலியின் மூளையா?

உன் அக்கா
ஜெனீற்றா


ஒஸ்லோ
19.02.2025

அன்புள்ள அக்கா,

மன்னித்துக்கொள்ளுங்கள். அப்பா விழுந்ததை அவர்கள் எனக்குச் சொல்லவில்லை. வீடியோவிலும் வெட்டிவிட்டார்கள்.

ஆனாலும் அக்கா, அப்பா பேசியிருக்கிறார்! கோபப்படாமல் கேளுங்கள். மூளைத்தண்டில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. எல்லாம் எதிர்பார்த்தபடி நடந்தால் அது சும்மா கிடக்கும். எதிர்பாராதது நடந்தால் மூளை முழுக்க ஒரு இரசாயனத்தை அனுப்பும். கவனம் கூராகும், அந்த நேரம் படிப்பது நன்றாகப் பதியும். இனிப்புத் தண்ணீர் வருமென்று நம்பிய எலிக்கு அது வராவிட்டாலும் இதேதான். தினமும் ஒரே கோப்பை, ஒரே சொல் என்றால் அப்பாவின் மூளை தூங்கிவிடுமே என்றுதான் அப்படிச் செய்தேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு வருகிறேன். ஏப்ரல் 17, பெரிய வியாழன், காலைப் படகு. அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். திடீரென்று முன்னால் வந்து நிற்பேன்.

அன்புத் தம்பி
றெக்ஷன்


நெடுந்தீவு
11.03.2025

அன்புள்ள தம்பி,

உன் விளக்கம் விளங்கியது. என் மண்டையில் களிமண் இல்லை. அதிர்ச்சி நன்றாகப் படிப்பிக்கும் என்கிறாய். ஓம், படிப்பித்தது. படலை திறக்கும் சத்தத்துக்கு நடுங்கப் படிப்பித்தது. எதைப் படிப்பிப்பது என்று உன் சின்ன இடம் கேட்டுவிட்டா செய்கிறது?

சொல்லாமல் வராதே. கடிதம் கிடைத்த அன்றே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தினமும் கலண்டரைக் காட்டி, "றெக்ஷன் வாறான்" என்கிறேன். மூன்று நாளாக அவர் "போ" சொல்லவில்லை. நேற்று தாடி வழிக்கத் தானாகவே முகத்தை நீட்டினார். பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு வருகிறாய். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணவாய்க் கறி வைத்துத் தருகிறேன். வந்து சேர்.

உன் அக்கா
ஜெனீற்றா


நெடுந்தீவு
18.04.2025

றெக்ஷனுக்கு,

நேற்று அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, பக்கத்து வீட்டு லவனின் ஓட்டோவில் துறைக்குக் கூட்டிப்போனேன். படகு வந்தது. கடைசி ஆளும் இறங்கி, அரிசி மூட்டைகளும் இறங்கின. "பொறுங்கோ அக்கா, உள்ளுக்கை நிற்பான்" என்று லவன் படகுக்குள் ஏறியே பார்த்தான். பின்னேரம்தான் அவனுடைய போனுக்கு உன் செய்தி வந்தது. ஆய்வுகூடத்தில் அவசர வேலையாம், பயணம் ஆடிக்குத் தள்ளிப்போகிறதாம்.

காலையில் லவன் படகிலிருந்து தனியே இறங்கியதும், சனம் பார்க்கத் துறையில் நின்று அழுதேன். அப்பாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என் கையைப் பிடித்து, வீட்டுப் பக்கம் காட்டினார். ஓட்டோவிலும் அந்தக் கையை விடவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன்னை அவர் எப்போதோ படித்து முடித்துவிட்டார். இத்தனை நாளும் முகத்தை நீட்டியது என் சந்தோசத்தைக் கண்டுதான். எதிர்பார்த்தது நான் ஒருத்தி மட்டும். எனக்கும் இப்போது நன்றாகப் பதிந்துவிட்டது.

ஆடிக்கு வந்தால் வா, வராவிட்டால் விடு. நாங்கள் ஒருவரும் துறைக்கு வரமாட்டோம்.

ஜெனீற்றா