கையைத் தூக்கி எடுத்த அளவு

புரட்டாசி 9, செவ்வாய்

காலையில் தூறல். பிறகு வெயில், புழுக்கம். திண்டிவனம் தையல்கடைக்கு நடை. பதினொரு சட்டைக்குக் காஜா, பொத்தான் ஓட்டைத் தையல்.

திரும்பி வந்ததும் நாத்தனார் அஞ்சலை ரவிக்கையைக் கழற்றி என் மடியில் போட்டாள். கக்கத்தில் மறுபடி கிழிசல்.

"நாத்துக் கட்டத் தலைக்குத் தூக்கினேன் அண்ணி, டர்ருன்னுது. பொழுதெல்லாம் கைய இடுக்கிக்கினே நின்னேன்."

கூப்பன் துணி. அடுத்த ரேஷன் எப்போதோ. தைத்தது நான் வேலை செய்யும் கடை மாஸ்டர்தான். எங்கள் தெருப் பெண்களை டேப் வைத்து அளக்கமாட்டார், தொட்டால் தீட்டாம். நான் காஜா எடுத்த சட்டையை மட்டும் தொடலாம். தள்ளி நிற்கவைத்துக் கண்ணாலேயே அளவு. கையைத் தொங்கவிட்டு நிற்கணும். தொங்குகிற கைக்குத்தானே பொருந்தும். கோபத்தில் ஊசி விரலில் ஏறிவிட்டது.

11, வியாழன்

மழை இல்லை. வாங்க: வெள்ளை நூல், உப்பு, சீயக்காய்.

அஞ்சலையை நிறுத்தி இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். தூக்கின கையோடு டேப் பிடித்தேன். கூச்சத்தில் சிரித்தாள். இடுப்பிலிருந்து முழங்கை வரை, தொங்கும்போது இருப்பதைவிட நாலு விரல் கூடுதல். அந்த நாலு விரலுக்குத் துணி எங்கே?

கழுத்து வெட்டும்போது விழுகிற துண்டு! எல்லாரும் வீசுவது. இரண்டாக்கிக் கக்கத்துக்கு ஒன்று.

முதலில் எனக்கே தைத்துப் பார்க்க என் கூப்பன் துணியை வெட்டிவிட்டேன். வீட்டுக்காரர், "பைத்தியமா உனுக்கு?" என்றார். இருக்கட்டும்.

முதல் தையல் பாழ். உப்பிக்கொண்டு நின்றது, இழுத்தால் பிரிந்தது. அழுதேன்.

13, சனி

துண்டைக் குறுக்கே திருப்பி வைத்துக் கைத்தையல். இழுத்தால் கொடுக்கிறது, விட்டால் அடங்குகிறது. போட்டுக்கொண்டு குடம் தூக்கினேன். எட்டிக் கூரையைத் தொட்டேன். கிழியவில்லை. திரும்பத் திரும்பத் தொட்டேன். அப்படியொரு சந்தோஷம்.

மாஸ்டரிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. ஒரு குச்சியால் தூக்கிப் பார்த்தார்.

"கை தொங்கினா சுருக்கம் வுழுது பார். நாத்து நடறவளுக்கு எதுக்குக் கட்டிங்கு? இத்தத் தெச்சிக்கினு இருந்தா காஜாவுக்கு வராத."

வரமாட்டேன் என்றேன். பேசினது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம்.

16, செவ்வாய்

இதுவரை ஒன்பது ரவிக்கை, நடவுக்குப் போகிறவர்களுக்கு, அவரவர் கூப்பன் துணியில். எல்லாம் கையைத் தூக்கி எடுத்த அளவு. கண் எரிச்சல். கேப்பைக் கூழ் அடிப்பிடித்தது. வீட்டுக்காரர் அதையே குடித்தார். நூல் தீர்ந்தது.

18, வியாழன்

நல்ல வெயில். நடவு. நானும் போனேன். ஒன்பது பேரும் புது ரவிக்கை.

கிழிசலோடு வந்தவரை எதுவும் கேட்காத நிலக்காரர் வரப்பில் நின்று ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா இது, பள்ளிக்கூடத்துக்கா வந்துகினு இருக்கீங்க? கழட்டிட்டு எறங்குங்க."

யாரும் இறங்கவில்லை, கழற்றவும் இல்லை. வரப்பிலேயே குந்தினோம். இன்று வேலை போனால் இந்தப் போகம் முழுக்க எல்லார் வீட்டிலும் அடுப்பு எரியாது, காரணம் நான். பறித்த நாற்றுக் கட்டெல்லாம் வெயிலில் கிடந்தது.

அஞ்சலைதான் வாயைத் திறந்தாள். "நாத்து காயுது ஆண்டே. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

நாற்று நுனி சுருளும்வரை பொறுத்தார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "ஜல்தி எறங்குங்க."

இறங்கினோம். அஞ்சலை கட்டைத் தலைக்குத் தூக்கினாள். எல்லாரும் அவள் கக்கத்தையே பார்த்தோம். கிழியவில்லை.

20, சனி

மேகமூட்டம். நிலக்காரர் வீட்டு வேலைக்காரி கொல்லைப் பக்கமாக வந்தாள். கையில் புதுத் துணி, ஒரு பழைய ரவிக்கை.

"அம்மா குட்த்தனுப்பினாங்க. கொடியில துணி போட்டா அவங்களுக்கும் கிழியுதாம். உன் தினுசுல தெச்சிக் குடுப்பியாம். இது அளவு ரவிக்கை. வெளிய சொல்லாத."

அளவு ரவிக்கையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இதுல கை தொங்கிக்கினு இருக்குது. உங்க அம்மாவ எங்க தெருவுக்கு வரச் சொல்லு. என் எதிர்ல நின்னு ரெண்டு கையும் தூக்கட்டும். டேப்பு வச்சித்தான் அளப்பேன்."