கறுப்பு பானட்டில் வட்டக் கோடு

3 ஆகஸ்ட், ஞாயிறு

இன்றைக்கு நடந்தது எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். செந்தில் இந்த வருஷத்துக்குள் சொந்த வண்டி வாங்குவான் என்றேன், வாங்கிவிட்டான். கறுப்பாகத்தான் வாங்குவான் என்றேன், கறுப்புதான். என் வீட்டுக்காரி சம்பூர்ணம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ வெள்ளைன்னு சொன்னே. எதிர்வீட்டு உமைமா கூட இருந்தா, வேணும்னா கேளு" என்கிறாள். அவளுக்கு ஞாபக சக்தி கம்மி.

செந்தில்குமார் என் அக்கா மகன். ஒன்பது வருஷமாக அடுத்தவர் வண்டியை ஓட்டுகிறான். இது செகண்ட்ஸ்தான், ஆனால் பெயிண்ட் கண்ணாடி மாதிரி. ஷூ கம்பெனிக்குச் சரக்கு வாங்க வருகிற வெளிநாட்டு பையர்களைச் சென்னை ஏர்போர்ட்டில் ஏற்றி ஆம்பூருக்குக் கொண்டுவரும் வேலைக்கு விடப் போகிறான். கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் பார்க்கிற ஜான்சன் 21ஆம் தேதி வண்டியைப் பார்ப்பார். அவர் தலையாட்டினால் வருஷம் முழுக்க வேலை. செந்தில் அடுத்தவர் சாவியைத் தொட வேண்டியதில்லை. பெயிண்டில் கீறல் கோடு இருந்தால் போச்சு. வரிசையில் இன்னும் நாலு பேர் வண்டியோடு நிற்கிறார்கள்.

பளபளப்பு விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். டேனரியில் இருபத்தாறு வருஷம் தோலைப் பளபளப்பாக்கினவன் நான். ஒரு ஜெர்மன்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கை எங்கள் ஊரில் இருந்தால் சிலை வைத்திருப்போம் என்றான். அவன் பாஷை தெரியாது, முகத்தில் தெரிந்தது.

6 ஆகஸ்ட், புதன்

பைபாஸில் இருக்கும் சர்தார் பாஷாவின் வாட்டர் சர்வீசுக்கு வண்டியைக் கொண்டுபோனோம். செந்தில் இன்ஷூரன்ஸ் ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டான். வண்டிக்குக் காவல் நான்தான்.

பாஷா ஆரம்பத்திலேயே பாடம் எடுத்தான். "கறுப்பு வண்டிண்ணே இது. வெள்ளை எல்லாத்தையும் மறைச்சிடும், கறுப்பு காட்டிக் குடுத்துடும். தூசி இருக்கும்போது மேல கை வைக்கக்கூடாது. தண்ணி அடிச்சு மண்ணு ஓடின பிறகுதான் துணி." நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாததா?

கழுவி முடித்த கதவில் மீசை வாரிக்கொண்டேன். அவ்வளவு சுத்தம்.

7 ஆகஸ்ட், வியாழன்

செந்தில் முதலாளி வண்டியில் பெங்களூர் சவாரி போயிருக்கிறான். சனிக்கிழமை வருவான். சாவியை என்னிடம் கொடுத்து, "மாமா, வண்டிய பாத்துக்கோ. தொடாதே" என்றான். தொடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

8 ஆகஸ்ட், வெள்ளி

தெருவில் கேபிளுக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். காலை பத்து மணிக்குள் வண்டி மேல் ஒரு விரல் புழுதி. கறுப்பு வண்டி செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் என்ன பொம்மையா?

பெட்டியைத் திறந்து என் ஸ்வேட் துண்டை எடுத்தேன். ஆட்டுத்தோல். டேனரியில் கடைசி வருஷம் நானே பஃபிங் மெஷினில் ஏற்றி, எமரித் தாளில் பூ மாதிரித் தேய்த்து எடுத்தது. அதைவிட மெத்தென்ற பொருள் பழைய வேலூர் ஜில்லா முழுக்கக் கிடையாது. இரண்டு ஜெர்மன்காரர்கள் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

தண்ணீர் எதற்கு? புழுதி சேறாகிவிடும். உலர்ந்தபடியே துடைத்தேன், தோலுக்குப் பாலிஷ் கொடுப்பதுபோல் வட்டம் வட்டமாக, நல்ல வெயிலில், அரை மணி நேரம். கை வலிக்க வலிக்க அழுத்தினேன். எதிர்வீட்டு உமைமா மாடியிலிருந்து பார்த்து, "மாமு, நிக்காஹ் மாப்பிள்ளை வண்டி மாதிரி இருக்கு" என்றாள். இருக்கத்தானே செய்யும்.

9 ஆகஸ்ட், சனி

காலை எட்டு மணிக்குச் செந்தில் வந்தான். வெயில் நேராக பானட்டில் அடித்தது. முன்னால் குனிந்தான். பக்கவாட்டில் போய்க் குனிந்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

சிலந்தி வலை. வெயில் விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக, முடி கனத்தில், நூறு கோடு இருக்கும். பானட், கூரை, நாலு கதவு, எல்லாவற்றிலும். தலையை ஆட்டினால் கோடும் கூடவே ஆடுகிறது.

"இன்னா மாமா இது? இன்னா பண்ணே?"

"நானா? நான் இன்னா பண்ணேன்?"

"பெயிண்ட்டு பூரா போயிருக்கு மாமா. இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு!" குரல் உடைந்துவிட்டது அவனுக்கு. இத்தனை வருஷத்தில் அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் சொன்னேன். புதன்கிழமை பாஷா கடையில் மாப் போட்டுத் துடைத்தான். நீல மாப். கட்டைக்கு சிவப்பு ஒயர் சுற்றியிருந்தது. டிராக்டர் சக்கரம் கழுவின அதே பக்கெட்டில் முக்கி எடுத்து அப்படியே வைத்தான். என் கண்ணால் பார்த்தேன்.

செந்தில் உடனே போன் போட்டான். "இன்னா பாய், சோறு துண்றியா இன்னா துண்ற? வண்டிய நாசம் பண்ணி அனுப்பியிருக்கே!" என்று தெருவே கேட்கக் கத்தினான். பாஷா, வண்டியைக் கொண்டு வா, பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னானாம். செந்தில் வைத்துவிட்டான்.

11 ஆகஸ்ட், திங்கள்

கோடு அப்படியே இருக்கிறது. நான் தினம் போய்ப் பார்க்கிறேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். ஃபினிஷிங்கில் தோலில் சின்னக் கீறல் இருந்தால் மெழுகு ஏற்றி மறைப்போம். மூன்று ஜெர்மன்காரர்கள் லென்ஸ் வைத்துத் தேடியும் கண்டுபிடிக்காமல் போயிருக்கிறார்கள். பழைய டேனரி சிநேகிதனிடம் ஒரு டப்பா மெழுகு வாங்கிவந்து, செந்திலை நிற்க வைத்து, அவன் கண் முன்னாலேயே பானட்டுக்கு ஏற்றினேன். புதுப் பனியன் துணியில்தான்.

கோடு போயே போய்விட்டது.

செந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, நீ பெரிய ஆளு." இதை எத்தனை வருஷமாக நான் சொல்கிறேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

நேற்று நல்ல மழை. இன்றைக்குக் காலை வெயில். எல்லாக் கோடும் திரும்பி வந்துவிட்டது.

செந்தில் வேலூர் போய் விசாரித்தான். மெஷின் பாலிஷ் போட்டால் கோடு போகுமாம். ஆனால் அந்தக் கடையில் 25ஆம் தேதி வரைக்கும் வண்டி நிற்கிறதாம். ஜான்சனிடம் தேதி தள்ளக் கேட்டான். பையர் 22ஆம் தேதி வந்து இறங்குகிறார், உன் வண்டி இல்லையென்றால் அடுத்த வண்டி என்று சொல்லிவிட்டார்.

"ஆம்பூர்ல அந்த மெஷின் யார்கிட்டயும் இல்லையா?" என்று கேட்டேன்.

"ஒருத்தன்கிட்டதான் இருக்கு. சர்தார் பாஷா. செத்தாலும் அவன் கடைல வண்டிய விடமாட்டேன் மாமா. மாப் போட்டவன் மெஷின் போட்டா இன்னா ஆவும்?"

நான் உள்ளே போய் தண்ணீர் குடித்தேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

கொடியேற்றத்துக்குப் போய் மிட்டாய் வாங்கி வந்தேன். சாப்பிடும்போது சம்பூர்ணம் கேட்டாள், "பெட்டில இருந்த ஸ்வேட் எங்க?"

"எங்கயாவது இருக்கும்."

"அன்னிக்கு அதாலதான் வண்டிய தொடச்சே. நான் வாசல்லதான் கொத்தவரங்கா ஆய்ஞ்சிட்டு இருந்தேன்."

"ஸ்வேட்டுடி அது! மெத்துனு இருக்கும்!"

"அப்ப செந்திலுகிட்ட சொல்லேன், மெத்துனுதானே இருந்திச்சுன்னு."

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். அவள் இன்னா பெரிய ஜட்ஜா? ஸ்வேட்டால் கோடு விழுமா? தோல் எப்படிக் கீறும்? தோலைத்தான் மற்றது கீறும். இருபத்தாறு வருஷம் பார்த்தவன் நான்... விழுமா?

16 ஆகஸ்ட், சனி

ஸ்வேட்டை மடித்து லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு பாஷா கடைக்குப் போனேன். சும்மா விசாரிக்கத்தான். அவன் பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

துண்டை நீட்டி, "இதால தொடச்சா கறுப்பு பெயிண்ட்டுக்கு நல்லதா பாய்? ஒரு தோஸ்த் கேக்கச் சொன்னான்" என்றேன்.

அவன் உள்ளே போய் ஒரு பழைய சிடியை எடுத்துவந்தான். பளபளப்பான பக்கத்தில் என் ஸ்வேட்டை வைத்து நாலு சுற்று சுற்றினான். வெயிலில் பிடித்துக் காட்டினான். அதே வட்டம். அதே சிலந்தி வலை, சின்ன சைஸில்.

"தோலு மெத்துனுதாண்ணே இருக்கு. மயிர்க்கால்ல எமரித் தூள் உக்காந்திருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரிதான். இதுல தெருப் புழுதி வேற. பஃபிங் பாத்தவர் நீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தூள் தட்டாத தோல் ஃபினிஷிங்குக்கு வந்தால் பஃபிங் ஆளை நிற்கவைத்துத் திட்டுவதே நான்தான். காற்றடித்துத் தட்டின பிறகுதான் கையில் வாங்குவேன். இந்தத் துண்டைத் தட்டினேனா? மெஷினிலிருந்து எடுத்ததும் மடித்து வேட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தது. எங்கே தட்டுவது?

சரி. ஸ்வேட்டில் பாதி விழுந்திருக்கலாம். மாப்பில் மீதிப் பாதி. அப்படியே பாஷாவிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "என் கடைல மாப்பே கிடையாதுண்ணே. தேடிப் பாருங்க."

அன்றைக்கு இருந்திருக்கலாம்.

"மெஷின் போட்டுக் குடுப்பியா பாய்?"

"ஒரு நாள் பூரா ஆவும். போடறேன். ஆனா செந்திலு வரட்டும். போன்ல கத்தினான் இல்ல, இங்க நாலு கஸ்டமர் நின்னுட்டு இருந்தாங்க, ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அவன் வாயாலே மாப் இல்லன்னு சொல்லட்டும். அப்புறம் வண்டிய உள்ள விடறேன்."

17 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லவில்லை. தலைவலி.

18 ஆகஸ்ட், திங்கள்

செந்திலிடம் ஸ்வேட் விஷயத்தைச் சொன்னேன். அவன் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான்.

"அப்ப மாப்?"

"அதுவும்தான்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான் சேர்ந்து..."

"அப்ப நான் போகமாட்டேன் மாமா. மாப் போட்டவன்கிட்ட போய் மாப் போடலன்னு நான் எதுக்குச் சொல்லணும்?" என்று எழுந்து போய்விட்டான். போகும்போது முதலாளிக்குப் போன் போட்டு, அடுத்த மாசமும் நானே ஓட்டறேன் சார் என்று சொன்னது எனக்குக் கேட்டது.

பாதி சொன்னால் பாதி வேலையாவது நடக்கும் என்று நினைத்தேன்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

மீதியையும் சொன்னேன். காலையில், அவன் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. வாயில் நுரை இருந்தால் கத்த முடியாது என்று கணக்குப் போட்டேன். கத்தினான்.

பிறகு இருவரும் பைபாஸுக்குப் போனோம். செந்தில் முதலில் இறங்கிப் போய்ப் பேசினான். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். பாஷா அவன் தோளில் கை போட்டதைப் பார்த்த பிறகு இறங்கினேன்.

20 ஆகஸ்ட், புதன்

காலை ஏழிலிருந்து சாயந்திரம் ஆறு வரை பாஷா கடையில். முதலில் தூரத்திலிருந்து தண்ணீர் அடித்தான், பிறகு நுரை. இரண்டு பக்கெட்: ஒன்றில் சோப்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். துணியை வண்டியில் ஒரு இழுப்பு இழுத்ததும் வெறும் தண்ணீரில் அலசி, பிறகுதான் சோப்பில் முக்க வேண்டும். கூரையில் ஆரம்பித்துக் கீழே. நேர்க்கோட்டில், வட்டம் கூடாது. வெயிலில் கூடாது. துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி. அதுவும் கீழே விழுந்த துணியும் தனி டப்பாவில்.

அதற்குப் பிறகுதான் மெஷின். சுற்றும் பஞ்சை வைத்து ஒவ்வொரு சாண் இடமாக இரண்டு தடவை. டார்ச் அடித்துப் பார்ப்பான், மறுபடியும் போடுவான். டார்ச் பிடித்தது நான். என் கை ஆடாமல் இருந்தது என்று பாஷாவே சொன்னான். சொல்லவில்லை என்றாலும் நினைத்திருப்பான்.

இடது பின்கதவில் மட்டும் இரண்டு கோடு போகவில்லை. ஆழமாம். அங்கேதான் நான் பலமாக அழுத்தினேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

ஜான்சன் பதினொரு மணிக்கு வந்தார். செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு வண்டியை இரண்டு சுற்று சுற்றினார். இடது பின்கதவில் நின்றார். நானும் அங்கேயே நின்றேன், மறைக்க முடியுமா என்று. நகரச் சொன்னார்.

"இது இன்னாப்பா ரெண்டு கோடு?"

"வீட்ல தொடச்சதுல விழுந்துது சார்" என்றான் செந்தில். என் பெயரைச் சொல்லவில்லை.

"இனிமே யார் கழுவுவாங்க?"

"சர்தார் பாஷா கடைலதான் சார்."

ஜான்சன் குறித்துக்கொண்டார். நாளைக்கு ராத்திரி ஏர்போர்ட்டில் பையர் இறங்குகிறார், மஃப்டியில் வராதே, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வா என்றார். அவ்வளவுதான். செந்தில் அழவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னான்: "மாமா, வண்டிகிட்ட நீ வரலாம். கையப் பின்னாடி கட்டிட்டு வா."

செந்திலிடம் சொல்லிவிட்டேன், பாஷாவிடம் சொல்லிவிட்டேன். அந்த நாலு கஸ்டமர் யார் என்று கேட்டு, அதில் மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். நாலாவது ஆள் வாணியம்பாடி, ஞாயிற்றுக்கிழமை போகிறேன். இந்த நோட்டில் மட்டும் 9ஆம் தேதிப் பக்கம் எழுதினபடியே இருக்கிறது. நீல மாப் இல்லை. சிவப்பு ஒயர் இல்லை. டிராக்டரும் அன்றைக்கு வரவில்லை. பாஷா வண்டியைக் கழுவின நேரம் பூராவும் நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிரியாணிக் கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அவன் எதைப் போட்டுத் துடைத்தான் என்று நான் பார்க்கவே இல்லை.