எந்த நாள் என்று கேட்டவளுக்கு

இன்று காலை ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் என் கையில் ஸ்பிரிட் தடவினாள். அந்த வாசனையில் எனக்கு ஆஸ்பத்திரி நினைவு வரவில்லை. மண்ணூரில் உன் வீட்டு முன்னறையில் இருந்த கம்ப்யூட்டர்தான் வந்தது. தொழிற்சாலை முதலுதவி அறையின் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அதைத் துடைப்பாய். நீ இறந்து நான்கு வருடம் ஆகிறது.

அது 1991. அந்தத் தொழிற்சாலையில் நீ நர்ஸ், நான் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் டைப்பிஸ்ட். வெளிநாடு போன உன் அண்ணன் விட்டுச்சென்ற கம்ப்யூட்டரில், ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பட்டியலை ஏற்றிக்கொண்டிருந்தாய். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் கை நசுங்கியவர்களுக்குக் கட்டுப் போட்டு அனுப்பி அனுப்பி உனக்கு வந்த யோசனை அது. ஞாயிறு நீ சர்ச்சுக்குப் போகும் நேரத்தில் நான் அதில் பழகலாம் என்றாய். வெளி பிளாப்பி மட்டும் போடக் கூடாது.

"அடுத்தவனுக்குப் போட்ட ஊசிய உனக்குப் போட்டா சும்மா இருப்பியா? இதுவும் அப்டிதான்."

கம்பெனி பஸ்ஸில் ஒருவர் விளையாட்டு பிளாப்பி ஒன்று தந்தார். அந்த ஞாயிறு அதைப் போட்டு ஒரு மணி நேரம் விளையாடினேன்.

புதன்கிழமை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று அடியில் விழுந்துகொண்டிருந்தன. நேற்று ராத்திரியிலிருந்தே மெதுவாகத் திறக்கிறது என்றாய். புரோகிராம்களின் அளவை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாய். யாரும் தொடாமலே எல்லாம் சற்றுப் பெருத்திருந்தன. வைரஸ் என்றாய். அந்தச் சொல்லை அதுவரை நான் காய்ச்சலோடுதான் கேட்டிருந்தேன்.

"வெளி பிளாப்பி எப்ப போட்ட?" என்றாய். போட்டாயா என்று கேட்கவில்லை.

"நேத்து சாயங்காலம். நீ தண்ணி புடிக்கப் போனப்போ."

ஞாயிறு என்று சொன்னால், என்னை நம்பி வீட்டை விட்டுப்போன நேரத்தில் செய்ததாகிவிடும். செவ்வாய் என்றால் தப்பு சின்னதாகத் தெரியும் என்று நினைத்தேன். நீ தலையாட்டினாய். அப்படியானால் திங்கட்கிழமை எடுத்த நகல் சுத்தமானது என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதை ஏற்றினாய். மற்ற பிளாப்பிகளையும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே போட்டுச் சரிபார்த்தாய். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் எழுத்துகள் மறுபடி விழுந்தன. ஞாயிறு நுழைந்தது திங்கள் நகலிலும் இருந்து, சரிபார்த்த பிளாப்பிகளுக்கெல்லாம் தொற்றியிருந்தது. இனி எதையும் நம்ப முடியாது என்று கம்ப்யூட்டரில் இருந்ததையும் அத்தனை பிளாப்பிகளையும் அழித்தாய்.

மறுநாள் மத்தியானம் ஒரகடத்திலிருந்து ஒருவர் வந்தார். தம்பியை லாரி மோதிவிட்டது, பி நெகட்டிவ் ரத்தம் வேண்டும் என்றார். உன்னிடம் மூன்று மாதப் பழைய பிரிண்ட்தான் மிஞ்சியிருந்தது. அந்த வகையில் அதிலிருந்த இரண்டு பேரும் வீடு மாறியிருந்தார்கள். சைக்கிளில் விசாரித்துக்கொண்டே போய், சாயங்காலம்தான் ஒருவரைக் கண்டுபிடித்தாய். அந்தத் தம்பி பிழைத்தார். ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அன்று நீ திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தியபோது, பிளாப்பி போட்டது ஞாயிறு என்று சொன்னேன்.

"போட்டது கூட பரவால்லடி. நாள மாத்திச் சொன்ன பாரு, அதான். காய்ச்சல் என்னிக்கு வந்துச்சுன்னு பொய் சொன்னா நான் இன்னா மருந்து குடுப்பேன்?"

கால் போனது தாமதத்தால் இல்லை என்று டாக்டர் சொன்னதாகப் பின்னால் ஒருநாள் சொன்னாய். அதை நான் இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

பட்டியலை மறுபடி ஏற்ற எத்தனையோ ஞாயிறுகள் ஆயின. நான் பெயர்களைப் படிக்க நீ அடித்தாய். ஒவ்வொரு நகலிலும், யாரும் மேலே எழுத முடியாதபடி ஓரத்து வெட்டில் ஒட்டுத்தாள் ஒட்டினாய். ஒரு நகலை உன் அம்மா வீட்டில் வைத்தாய். கோபம் தீர்ந்ததா என்று நான் கேட்டதில்லை.

போன மாதம் ஆபீசில், தெரியாத இடத்திலிருந்து வந்த ஒரு மெயிலை அவசரத்தில் திறந்துவிட்டேன். ஓய்வு பெற ஆறு மாதம்தான் இருக்கிறது. அறையில் வேறு யாரும் இல்லை. கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்குப் போன் செய்தேன். யார் திறந்தது என்று அங்கிருந்த இன்ஜினியர் கேட்பதற்குள், பத்தேகாலுக்குத் திறந்தது நான்தான் என்றேன். நேரத்தைச் சரியாகச் சொன்னேன்.