உன் பெயரில் நான் நீக்கிய கோப்பு

உன் மடிக்கணினியை என்னிடம் தந்துவிட்டார்கள். திறந்ததும் விசைகளுக்கு இடையிலிருந்து பொரித்த நெத்தலி மணந்தது. தட்டச்சு செய்துகொண்டே தின்பாயே, அதே மணம். மூடிவிட்டேன். மறுபடி திறக்க ஒரு மணித்தியாலம் ஆனது.

நான் பயந்தது மணத்துக்கல்ல, உள்ளே கிடக்கும் பட்டியலுக்கு. யார், எப்போது, எந்தக் கோப்பைத் தொட்டார் என்பதை, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருள் மறப்பதில்லை. git log --name-status என்று அடித்தேன். ஒவ்வொரு பதிவின் கீழும் கோப்புகளின் பெயர்கள் இறங்கின. மாற்றிய கோப்புக்கு முன்னால் M, நீக்கிய கோப்புக்கு முன்னால் D. உன் கடைசி வெள்ளிக்கிழமைப் பதிவில் ஒரேயொரு D இருந்தது. உன் அப்பா வேளாண்மை செய்யும் வட்டையில் இருப்பவர்களின் தொலைபேசி இலக்கங்கள் அந்தக் கோப்பில்தான் இருந்தன. செய்தவர் என்ற இடத்தில் உன் பெயர்.

நீக்கியது நான்.

குளம் நிரம்பி, வெள்ளத்தை வெளியேற்ற வான்கதவு திறக்கப்போகிறது என்றால் கீழே இருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் செயலி அது. தன்னாமுனையில் ஒரு வாடகை அறையில் மூன்று பேர் செய்தோம். கிட்டில் ஆளுக்கொரு கணக்குக் கேட்டபோது முதலாளி சிரித்தார். "மூண்டு பேருக்கு மூண்டு கணக்கா? ஒண்டு போதும்." அதனால் எல்லோருடைய வேலையும் உன் கணினி வழியாக, உன் பெயரிலேயே ஏறியது.

"நீங்க விடுற பிழைக்கு நான்தான் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணணும்கா," என்பாய்.

"போ, நெத்தலி கொண்டந்து தாறம்," என்பேன்.

புதிய பதிப்பு போவதற்கு முன் நீ ஒன்றை மட்டும் விடமாட்டாய். "என்ன செஞ்சாய் எண்டு கதை சொல்லாத. எந்தக் கோப்பத் தொட்டாய், பேர வாசி." அந்த வெள்ளிக்கிழமையும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாய்.

"எத்தின கோப்பு?"

"நாலு."

"பேர வாசிகா."

"எல்லாம் பாத்திட்டன். நீ போ, வெல்லாவெளி பஸ் போகப்போகுது."

நம்பி, வட்டைக்கு அப்பாவிடம் போனாய்.

நான் வாவிக்கரையில் வளர்ந்தவன். வட்டை என்றால் வயல், வயலில் யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஊர்ப் பட்டியலில் உள்ளவர்களுக்கே இரண்டாம் தடவையும் செய்தி போகிறது என்று அந்த வட்டைக் கோப்பை நீக்கினேன். வெளியூரிலிருந்து வந்து, யானைக்குக் காவலாக வாடி என்னும் வயல்குடிசையில் மாதக்கணக்கில் கிடப்பவர்கள் எந்த ஊர்ப் பட்டியலிலும் இல்லை. அது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அந்த ஒரு பெயரை வாசித்திருந்தால் போதும்.

சனி காலை வான்கதவு திறந்தது. ஊர்களுக்குச் செய்தி போனது, வாடிக்குப் போகவில்லை. உன் அப்பா மருதமரத்தில் ஏறித் தப்பினார். அவரோடு வாடியில் இருந்த நீ தப்பவில்லை.

நீ போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை விசாரணை. உன் பெயருள்ள அந்தக் கிட் பட்டியலை அச்செடுத்து வை என்றார் முதலாளி. "செத்தவன இனி ஆர் என்ன செய்யிற? நீ வாயப் பொத்திக்கொண்டு இரு." ஏழை விவசாயியின் உயிர் என்று கூட்டங்களில் பேசுகிற மனிதர். ஒரு கணக்குத் திறந்துதர மனம் வராதவருக்கு, உன்னைக் குற்றவாளியாக்க இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம். ஆனால் அந்தக் கோபம் எனக்கு வசதியாகவும் இருக்கிறது, பின்னால் ஒளிந்துகொள்ளலாம். உண்மையில் எனக்கு இருப்பது பயம். வேலை போகும். மறியலும் வரலாம்.

நேற்று உன் சாமான்களை எடுக்க உன் அப்பா வந்தார். மேசையில் அந்தத் தாள்கள் கிடந்தன.

"இது என்ன மனே?"

"அவன்ட வேலைப் பட்டியல், மாமா."

"எனக்கு இங்கிலிசு தெரியா. வாசி, கேப்பம்."

விரல் வைத்து வாசித்தேன். எது நீ செய்தது, எது மற்றவர்கள் செய்தது என்று சொல்லிக்கொண்டு போனேன். நீ செய்தது வரும்போதெல்லாம் தலையாட்டினார். அந்த D வரியில் என் விரல் நின்றுவிட்டது.

"இதும் அவனா?"

"இல்ல மாமா. இது நான். உங்கட இலக்கம் இதுக்குள்ளதான் கிடந்தது."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். தாளை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"திங்கக்கிழம அங்கயும் இதச் சொல்லுவியா?"

"ஓம்," என்றேன்.

அந்த ஒரு ஓமைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். முதலாளி மூன்று தடவை அழைத்துவிட்டார், நான் எடுக்கவில்லை. பயம் கொஞ்சமும் குறையவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை.